பாப் ஸ்மியர்: எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

ஒரே கூரையின்கீழ் வாழும் இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கும் கேள்வி இது. மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும் மருமகளிடம் ஆண்டுதோறும் வந்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையை எடுத்துக்கொள்ளும்படி அவளுடைய தனியார் மருத்துவர் சொல்கிறார். அரசு கிளினிக்கை நம்பியிருக்கும் மாமியாருக்கோ, முப்பது வயதில் ஒன்று, நாற்பதில் ஒன்று, ஐம்பதில் ஒன்று என வாழ்நாளில் மூன்று போதும் என்று சொல்லப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் அறிந்த பல வீடுகளில் இதுதான் நிலைமை. டர்பன் பகுதியில் அரசு கிளினிக்கில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து, யார் சொல்வது பொய் என்று கேட்கிறார்கள். இருவருக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் முழுமையாகச் சொல்லப்படவுமில்லை. ஒவ்வொருவருக்கும் கதவருகில் நின்று விளக்க முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லா நேரங்களிலும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் உண்டாகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹாவுசன் 1983இல் இந்தப் புற்றுநோய்த் திசுவில் ஹெச்.பி.வி. 16ஆம் வகையைக் கண்டறிந்தார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். 16, 18 ஆகிய இரண்டு வகைகளே இந்நோயில் பத்தில் ஏழு பங்குக்குக் காரணம். தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலானோரை இந்த வைரஸ் என்றாவது ஒருநாள் தொட்டுவிட்டுப் போகிறது. ஒரே கணவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம் என்பதால், இதை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வந்த வைரஸைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடுகிறது. விரட்டப்படாமல் தங்கிவிடும் சிலரிடத்தில்தான் கருப்பை வாயின் செல்கள் மெல்ல மெல்ல உருமாறத் தொடங்குகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றல் இயல்பாக உள்ள பெண்ணுக்கு அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் பிடிக்கும்.

நோய் இவ்வளவு மெதுவாக நடப்பதால்தான் நம்மால் இடைவெளி விட்டுப் பார்க்க முடிகிறது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்னும் கேள்விக்கான விடை, நோய் நடக்கும் வேகத்தையும், நாம் பயன்படுத்தும் பரிசோதனை எத்தனை முறை நோயைத் தவறவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே கிடைக்கும்.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பழையதானாலும் இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பல நாடுகளின் பாப் ஸ்மியர் திட்டங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 1986இல் அதை வெளியிட்டது. 35 முதல் 64 வயதுவரை ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொண்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வருவது சுமார் 93 விழுக்காடு குறையும். மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்தால் 91 விழுக்காடு குறையும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் 84. பத்தாண்டுக்கு ஒருமுறை என்றால் 64. மருமகள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்: மூன்றாண்டுக்கு ஒருமுறை போவதை விட்டு ஆண்டுதோறும் போவதால் அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டே விழுக்காடு. மாமியாரும் பார்க்க வேண்டும்: பத்தாண்டுக்கு ஒருமுறை என்பது ஏழை நாட்டின் வெறும் கண்துடைப்பு அன்று, ஒழுங்காக நடந்தால் அது பாதிக்கு மேற்பட்ட நோயைத் தடுத்துவிடும். ஆனால் பத்துக்கும் ஐந்துக்கும் இடையே இருபது விழுக்காடு கைநழுவிப் போகிறது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

தென்னாப்பிரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் கொள்கை வகுத்தபோது, முப்பது வயதிலிருந்து பத்தாண்டு இடைவெளியில் மூன்று பரிசோதனைகளை எல்லாப் பெண்களுக்கும் இலவசமாகத் தருவதென முடிவு செய்தது. ஒரு சில பெண்களுக்குப் பத்துப் பதினைந்து முறை செய்வதைவிட, எல்லாப் பெண்களுக்கும் மூன்று முறை செய்வது அதிக உயிர்களைக் காக்கும் என்பது அதன் அடிப்படை. கணக்களவில் அது நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நடைமுறை அந்தக் கணக்கின் பின்னால் வந்து சேரவில்லை. இந்த நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்படுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதனால் இறக்கிறார்கள். பரிசோதனையால் தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோய்க்கு இந்த எண்ணிக்கை மிக அதிகம். மூன்று பரிசோதனை போதுமா என்று விவாதிப்பதற்கு முன்னால், அந்த மூன்றில் ஒன்றுகூடச் செய்துகொள்ளாத பெண்கள் எத்தனை பேர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். கிளினிக்கில் இருந்தவரை நான் கண்ட சோகங்களில் பெரும்பகுதி இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் நோய் முற்றியவர்களுடையது அன்று, ஒருமுறைகூட வராதவர்களுடையது.

இடைவெளியை மாற்றும் அடுத்த காரணம் பரிசோதனையின் வகை. பாப் ஸ்மியர் என்பது கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்பவர் உருவாக்கிய முறை. ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1943இல் வெளிவந்த பிறகே அது பரவலானது. கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து, உருமாறியவை உள்ளனவா என்று நுண்ணோக்கியில் கண்ணால் தேடும் முறை அது. அதனால் எடுப்பவரின் கையும் பார்ப்பவரின் கண்ணும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரேயொரு ஸ்மியர், சிகிச்சை தேவைப்படும் மாற்றங்களில் ஏறத்தாழப் பாதியைத் தவறவிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாண்டில் மறுபடி பார்க்கும்போது, விட்டுப்போனது அகப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கையில்தான் அந்த இடைவெளி வகுக்கப்பட்டது.

ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை உருமாறிய செல்லைத் தேடுவதில்லை. உருமாற்றத்துக்குக் காரணமான வைரஸையே தேடுகிறது. அது சிகிச்சை தேவைப்படும் மாற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துவிடுகிறது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்தால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு நிம்மதியாக இருக்கலாம் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் இரண்டாண்டு பாப் ஸ்மியரைக் கைவிட்டு ஐந்தாண்டு ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு மாறியது. இங்கிலாந்து 2025 ஜூலையில் 25 முதல் 49 வயதுப் பெண்களில் வைரஸ் இல்லாதோருக்கு மூன்றாண்டு இடைவெளியை ஐந்தாக நீட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாகப் பெண்கள் 30 வயதில் தொடங்கி ஐந்து முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம் என்கிறது. இடைவெளி நீட்டப்பட்ட செய்தியைக் கேட்டவுடன், அரசுகள் செலவைக் குறைக்கப் பார்க்கின்றன என்று கோபப்படுவோர் உண்டு. செலவு குறைகிறது, உண்மைதான். ஆனால் இடைவெளி நீண்டதற்குக் காரணம் பரிசோதனை கூர்மையானது.

இந்த மாற்றத்தில் நம் நாட்டுக்கும் பங்குண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. கேப் டவுனின் காயெலிட்சாவில் பேராசிரியர் லினெட் டென்னி தலைமையில் 35 முதல் 65 வயதுவரையிலான ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. ஹெச்.பி.வி. இருப்பதாகக் கண்ட பெண்களுக்கு, வேறு பரிசோதனைகளுக்காக அலைய விடாமல், கருப்பை வாயைக் குளிரூட்டி உறைய வைக்கும் சிகிச்சையை நேரடியாக அளித்தபோது, புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலான ஆபத்தான மாற்றங்கள் பெரிதும் குறைந்தன. வசதியற்ற இடத்திலும் இது செய்யக்கூடியதே என்று உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

இதுவரை சொன்ன இடைவெளிகள் எல்லாம் ஹெச்.ஐ.வி. இல்லாத பெண்களுக்கானவை. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. ஹெச்.ஐ.வி. சிகிச்சையின்றி விடப்பட்டால், பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும் மாற்றம் ஐந்து முதல் பத்தாண்டுகளிலேயே முற்றிவிடக்கூடும். ஆகவே 2017ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கக் கொள்கை, ஹெச்.ஐ.வி. கண்டறியப்பட்டவுடனேயே, வயது எதுவாயினும் ஒரு பரிசோதனையும், முடிவு இயல்பாக இருந்தால் பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் செய்யச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு 25 வயதில் தொடங்கி மூன்று முதல் ஐந்தாண்டுகள் என்கிறது. நம் குடும்பங்களில் இந்தப் பத்தியை வேகமாகக் கடந்து அடுத்ததற்குப் போகிறவர்கள் நிறைய என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் நம்மவர்களுக்கு வருவதில்லை என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிளினிக் அட்டைகளைப் புரட்டிய கை இது. வருகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் நிலை உங்களுக்குத் தெரியாமல், உங்களுக்கான இடைவெளியை யாராலும் சொல்ல முடியாது.

ஆண்டுதோறும் போவதில் என்ன கெடுதல், பணம்தானே போகும் என்று மருமகள் கேட்கலாம். பணம் மட்டுமன்று. இளம் பெண்களிடம், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டோரிடம், தற்காலிகமான ஹெச்.பி.வி. தொற்றும் அதனால் ஏற்படும் சிறிய மாற்றங்களும் மிகவும் சகஜம். அவற்றில் பெரும்பாலானவை தாமே மறைந்துவிடும். அடிக்கடி பார்த்தால் அடிக்கடி ஏதாவது தென்படும். தென்பட்டால் கருப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபி, சில வேளைகளில் மின்வளையத்தால் கருப்பை வாயின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தல் என்று போகும். அப்படி வெட்டப்பட்ட பெண்களுக்குப் பின்னால் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் கண்டறியப்பட்ட உண்மை. இங்கிலாந்தில் 25 வயதை ஒட்டித்தான் முதல் அழைப்பே அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்மியர் எடுத்தாக வேண்டும் என்பதில்லை.

முதியவர்களிடம் பேசுவதுதான் எனக்கு எப்போதும் கடினமான வேலை. புரட்டாசியில் எங்கள் கோயில் சமையற்கட்டில் வாழைக்காய் நறுக்கியபடி, அறுபதைக் கடந்த ஓர் அக்காவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். “ஏன் தங்கச்சி, நமக்கெல்லாம் கடையை மூடி எத்தனையோ வருஷமாச்சு, இனி அங்கே என்னத்தைப் பார்க்கப் போறாங்க?” என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “கடைதான் மூடியிருக்கு அக்கா, கட்டடம் அங்கேதானே நிக்குது” என்றேன். மாதவிடாய் நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிடும் என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய தப்பெண்ணம். முப்பதுகளில் தங்கிய வைரஸ் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வேலையைக் காட்டும். ஐம்பதுக்குப் பிறகு, உரிய இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகள் தொடர்ந்து இயல்பாக இருந்தவர்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படி எதுவுமே செய்துகொள்ளாமல் அறுபதைத் தொட்டவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அவர்தான் முதலில் போக வேண்டியவர்.

கருப்பையை எடுத்தாயிற்று, எனக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கட்டிக்காகவோ அதிக உதிரப்போக்குக்காகவோ கருப்பையோடு கருப்பை வாயையும் சேர்த்து எடுத்திருந்து, அதற்கு முன் ஆபத்தான செல் மாற்றம் எதுவும் இருந்ததில்லை என்றால், தேவையில்லை. ஆனால் சில அறுவைச் சிகிச்சைகளில் கருப்பை வாயை விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான இடைவெளி தொடரும். எதை எடுத்தார்கள் என்று நோயாளிக்குத் தெரியாமலே இருப்பது வியப்பூட்டும் அளவுக்குச் சகஜம். அறுவை நடந்த மருத்துவமனையின் கடிதத்தைத் தேடி எடுத்து ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

இடைவெளியைப் பற்றிப் பேசும் எவரும் ஸ்லைடைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய முறையில், கண்ணாடித் தகட்டின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதுவோம். பேனா மை, பின்னால் சாயம் ஏற்றும்போது கரைந்து போய்விடும். மரக்கரண்டி போன்ற சிறு பட்டையால் கருப்பை வாயைச் சுற்றி ஒரு வட்டம் எடுத்துத் தகட்டில் மெல்லிதாகப் பூசி, காய்வதற்குள் மருந்தைத் தெளிக்க வேண்டும். காற்றில் சில நொடி காய்ந்துவிட்டால் செல்கள் சிதைந்துவிடும். இரத்தமோ சீழோ மிகுந்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடம், படிக்க இயலவில்லை, மீண்டும் எடுக்கவும் என்று திருப்பி அனுப்பும். இப்போது பல இடங்களில் செல்களைத் திரவம் உள்ள சிறு குப்பியில் போட்டு அனுப்புவதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. படிக்க இயலாத ஸ்மியர் எடுத்துக்கொண்ட பெண், தனக்குப் பரிசோதனை ஆகிவிட்டது என்று நம்பிப் பத்தாண்டு காத்திருந்தால், அவளுடைய இடைவெளி பத்தன்று, இருபது.

அதனால்தான் முடிவைக் கேட்டு வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறேன். ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று சும்மா இருந்துவிடுவதுதான் நம் வழக்கம். தொலைபேசி எண் மாறியிருக்கும். மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குக் குடிபோயிருப்பார்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். உயர்நிலை மாற்றம், அதாவது சிகிச்சை தேவைப்படும் மாற்றம், என்று எழுதிய தாள் கோப்பில் கிடக்க, அந்தப் பெண் வராமலே போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வெட்கத்தால் வராதவர்களுக்கு ஒரு நற்செய்தி. ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு பெண்ணுறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீண்ட பஞ்சுக் குச்சியால் பெண்ணே தனியறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், அதன் துல்லியமும் ஏறத்தாழ மருத்துவர் எடுப்பதற்கு நிகரானது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பு உண்டு. உங்கள் மருத்துவரிடமோ கிளினிக்கிலோ இது கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பவர்கள் கூடக்கூடத்தான் கொண்டுவருவார்கள்.

பெண் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014 முதல் அரசுப் பள்ளிகளில் நான்காம் வகுப்பில், ஒன்பது வயது நிறைந்த சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதல் ஆண்டில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இப்போது இருபதைத் தாண்டியிருக்கிறார்கள். அந்த ஊசி 16, 18 வகைகளைத் தடுக்கிறது. எல்லா வகைகளையும் முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே அவர்களும் வயது வந்தவுடன் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். 2030க்குள் சிறுமிகளில் 90 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 விழுக்காட்டினருக்கு 35 வயதுக்குள் ஒன்றும் 45 வயதுக்குள் ஒன்றுமாக இரண்டு தரமான பரிசோதனைகள், நோய் கண்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வைத்தபோதும், ஊசியையும் பரிசோதனையையும் சேர்த்தேதான் வைத்தது.

மேலே சொன்ன எல்லா இடைவெளிகளும் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு மட்டுமே. உறவுக்குப் பின் இரத்தம் கசிதல், இரண்டு மாதவிடாய்க்கு நடுவே உதிரம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், போன ஆண்டுதான் எடுத்தேன், இயல்பு என்றார்கள் என்று காத்திருக்கக் கூடாது. அது வேறு விசாரணை. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, மாமியாருக்கும் மருமகளுக்கும் நான் சொன்னது இது. மருமகளுக்கு வயது முப்பத்து நான்கு, ஹெச்.ஐ.வி. இல்லை: ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு அவளுடைய மெடிக்கல் எய்ட் பணம் தருமா என்று விசாரித்து, வைரஸ் இல்லையென்றால் ஐந்தாண்டு கழித்துப் போகலாம். பாப் ஸ்மியர்தான் என்றால் மூன்றாண்டு. மாமியாருக்கு வயது ஐம்பத்தெட்டு, கடைசியாக எடுத்தது எந்த ஆண்டு என்று அவருக்கே நினைவில்லை: இந்த மாதமே கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டு நாளுக்கு முன்பிருந்தே உள்ளே மருந்தோ கழுவலோ வேண்டாம், உறவும் வேண்டாம். எடுத்த தேதி, எந்த வகைப் பரிசோதனை, எடுத்தவர் பெயர், முடிவு எப்போது வரும் என்ற நான்கையும் அட்டையின் பின்புறத்தில் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சொன்ன நாளில் மருமகளே காரில் கூட்டிப் போய் முடிவைக் கையில் வாங்கிவர வேண்டும்.